பதினேழு பிரம்மதண்டு விதைகள்

அவள் வேலை பார்க்கும் விதைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் மாதிரிப் பொட்டலங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதனால் அந்தக் கடுகு யாருடையது என்று தெரியாமலேதான் அவள் அதை நிராகரித்தாள். கடுகோடு கடுகாகப் பதினேழு பிரம்மதண்டு விதைகள் கிடந்தன. விஷக் களை அது. பத்துக்கு மேல் இருந்தால் அத்தனை மூட்டையையும் விதையென்று விற்க முடியாது. உள்ளதை எழுதிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

மூன்றாம் நாள், மறுபரிசோதனை கேட்டு மனுவோடு உள்ளே நுழைந்தவர் பெரியப்பா.

அவர் விதைக் கம்பெனி தொடங்கியது அவள் காதிலும் விழுந்திருந்தது. அந்தக் கடுகு இவருடையது என்று தெரிந்ததும் அவளுக்கு வந்தது ஏமாற்றம்தான். எட்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்த பழி தன் கையாலேயே நடந்து முடிந்திருக்கிறது, அதை ருசிக்கக்கூட முடியவில்லையே.

எட்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, கூடம் நிறைய உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு பெரியப்பா சிரித்தார். "களை பிடுங்க நாலு வருஷப் படிப்பா? என் பையனைப் பாரு, இன்ஜினியரிங்." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாத அவள் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து குடும்பத்தில் அவள் பெயர் களைக்காரி. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "வேலை கிடைச்சுதா, இல்ல கூலிக்குத்தான் போறியா?" என்று பெரியப்பா பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்.

இப்போது அதே வாய், "அட, நம்ம பொண்ணு!" என்றது. கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கயோ தப்பு நடந்திருக்கும்மா. என் பையனே டிசைன் பண்ணின மெஷின்ல சலிச்ச கடுகு."

"கடுகும் பிரம்மதண்டு விதையும் ஒரே அளவு பெரியப்பா. எந்தச் சல்லடையிலயும் பிரியாது."

அவர் எதிரிலேயே அதே கடுகின் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து மறுபடியும் பொறுக்கினாள். இந்த முறை பத்தொன்பது.

"எல்லாம் கடுகு மாதிரிதானே இருக்கு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "விதைப்புக்கு இன்னும் பத்து நாள்தான். இது போகலைன்னா கம்பெனிய இழுத்து மூடணும். கொஞ்சம் பாத்து எழுதேன்."

இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

பத்தொன்பது களை விதைகளையும் பத்தொன்பது கடுகையும் வெள்ளைத் தாளில் கலந்து, பூதக்கண்ணாடி விளக்கை அவர் பக்கம் திருப்பினாள். "கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிதானமா பிரிங்க. அவசரமில்ல."

அரை மணி நேரம் பெரியப்பா குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அவளோ கையைக் கட்டிக்கொண்டு அந்த வழுக்கையையே பார்த்தபடி நின்றாள். எட்டு வருஷத்தில் அவ்வளவு நிறைவான அரை மணி நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை.

அவர் களையென்று ஒதுக்கியதை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். மேலே வலை பின்னினாற்போல் இருந்தால் பிரம்மதண்டு. அவர் ஒதுக்கிய பத்தொன்பதில் பதினொன்று நல்ல கடுகு.

"அப்ப, களை பிடுங்கக்கூட..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிக்கொண்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு. அத்தனை மூட்டையையும் கையால பொறுக்கணும். நம்ம இன்ஜினியர் அண்ணனை இங்க அனுப்புங்க, நானே கத்துக் குடுக்கறேன்."

பெரியப்பா முகத்தில் உயிர் வந்தது. "நாளைக்கே அனுப்பறேன். எத்தனை நாள்ல கத்துக்கலாம்?"

"நாலு வருஷம்," என்றாள், நிராகரிப்புச் சீட்டில் முத்திரையைக் குத்தியபடி.