ஒரு வேலைக்கு இரண்டு பட்டதாரிகள்

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது எங்கள் எடை மெஷின் கம்பெனிக்கு இரண்டு பட்டதாரிகள் வந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே மார்க். காலியிடமும் ஒன்றே ஒன்று. ஆறு மாதம் என் கீழே வைத்துப் பார்த்துவிட்டு ஒருவரை நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு.

பையனுக்கு 'சந்தை' என்று பெயர் வைத்தோம். அவன் சிரித்தால் கூரைத் தகடு இரண்டு அங்குலம் எழும்பி உட்காரும். வாட்ச்மேனின் மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது வரை அவனுக்கு அத்துப்படி. பெண்ணுக்கு 'பூட்டு'. ஆறு மாதத்தில் அவள் பேசியதை ஒரு தபால்தலையின் முதுகில் எழுதிவிடலாம். "பழகத் தெரியலை" என்று இரண்டு கம்பெனிகள் அவளை ஏற்கெனவே அனுப்பியிருந்தன. "இதுவும் போச்சுன்னா வீட்டுல எந்த முகத்தோட போய் நிக்கிறதுண்ணே?" என்று ஸ்டோர்கீப்பரிடம் சொன்னாளாம். அதிலேயே தபால்தலை பாதி நிரம்பிவிட்டது.

ஒவ்வொரு மெஷினிலும் மூன்று தடவை எடைக்கல் வைத்து மூன்று எண் எழுத வேண்டும். அது சட்டம். ஒரு தடவை வைத்துவிட்டு மூன்று எண் எழுதுவது வழக்கம். முப்பத்திரண்டு வருஷம் வழக்கத்தைக் கட்டிக் காத்தவன் நான். சந்தை ஒரே வாரத்தில் வழிக்கு வந்து நாளைக்கு முப்பது மெஷின் முடித்தான். பூட்டு மூன்று தடவையும் வைத்தாள். நாளைக்குப் பத்து.

"கல்லை வைக்கச் சொன்னா, குழந்தையைத் தூங்கப் போடுற மாதிரி வைக்கிறாளே!" என்று மேனேஜர் பல்லைக் கடிப்பார்.

கடைசி வாரம் ஓர் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். பச்சைக் குழந்தைகளை எடை பார்க்க அறுபது மெஷின் வேண்டுமாம். மேனேஜர் என்னையும் அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, அவர்களிடம் "எத்தனை நாள்ல குடுக்கலாம்?" என்றார்.

"ரெண்டே நாள், ஜமாய்ச்சிடலாம்!" என்றான் சந்தை.

"ஆறு நாள்" என்றாள் பூட்டு.

மேனேஜர் முகத்தில் அப்போது வெந்நீர் போட்டிருக்கலாம்.

நர்ஸ் சந்தையைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு நாள்ல எப்படிப்பா முடிப்பே?"

அன்பாகக் கேட்டால் வீட்டுச் சாவியையே எடுத்து நீட்டுகிற சுபாவம் அவனுக்கு. "ரொம்ப சுலபம் மேடம். ஒரு தடவை வெச்சுப் பாப்போம், மிச்ச ரெண்டை நாமளே எழுதிக்குவோம். ஐயாகூட அப்படித்தானே!" என்று என்னைக் கை காட்டினான்.

நான் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்தேன். அங்கே ஒரு சுவர் இருந்தது.

நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க வார்டு குழந்தைங்க உள்ளங்கை அளவுதான் இருக்கும். எடை தப்பினா மருந்து தப்பும். ஆறு நாளே ஆகட்டும். அறுபதையும் இந்தப் பொண்ணு பாக்கணும். இவ கையெழுத்து இல்லாம ஒண்ணு வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

மறுநாள் மேனேஜர் மதிப்பீட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினார். பழகும் தன்மை, பொறுப்பு, நிதானம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கொடுத்தேன்.

"வேற வழியில்லைய்யா, அவளை அனுப்பினா ஆர்டரும் கூடவே போயிடும். பழகும் தன்மைக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு."

"ரெண்டா! தாராள மனசுய்யா உமக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

வேலை பூட்டுக்கு என்று அறிவித்ததும் முதலில் கைதட்டியவன் சந்தைதான். தெரு முனை நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. பூட்டு உத்தரவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கிடைச்சிருச்சும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா போட்ட சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டது.