எதிர்வீட்டில் ஏறிய சூடு

ஆர்விட் டோலஃப்சன் வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிந்தது. அதன் சூடோ தெருவைக் கடந்து வாண்டா புரூயிட் வீட்டில் போய் ஏறியது. மின்னசோட்டாவின் வடகோடியில் இருக்கும் அந்த ஊரில் மூன்று குளிர்காலமாக இதுதான் நிலைமை. தை மாதக் குளிரில் வாண்டா சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கையில்லாத சட்டையோடு பாத்திரம் கழுவுவாள். ஆர்விட் கம்பளித் தொப்பியோடு சாப்பிட்டு, கம்பளித் தொப்பியோடு தூங்கினார்.

ஃபர்னஸ் பழுது பார்க்கும் டுவேன் குபியாக், தொழில் வழக்கப்படி எல்லாவற்றையும் கேட்டான். வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள், எரிவாயு வாடை வருகிறதா, தரையில் இருக்கும் காற்றுத் திறப்புகளை மூடி வைத்திருக்கிறீர்களா என்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்விட் எதிலும் ஒழுங்கானவர். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வைத்திருந்தார். டுவேன் விசிறியை மாற்றினான், குழாய்களைத் தட்டிப் பார்த்தான். கீழே கை வைக்க முடியாத கொதிப்பு, மேலே பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்ற காற்று. பிறகு எதிர்வீட்டுக்குப் போய்த் திறப்பில் முகத்தை வைத்துப் பார்த்தான். ஆர்விட் காலையில் வறுத்த மீனின் வாசனை அங்கே அடித்தது.

இது எப்போது தொடங்கியது என்பது ஆர்விட்டுக்கு மட்டும் தெரியும். மனைவி மார்லிஸை அடக்கம் செய்த வாரம், வாண்டா வாசலில் வந்து நின்று, தன் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அழைத்தாள். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். மறுபடி அழைத்தாள். பரவாயில்லை என்றார். அந்த ஊரில் மூன்றாம் முறை அழைத்தால்தான் சரி என்பார்கள். முதல் அழைப்புக்கே தலையாட்டுகிறவனைப் பறக்காவெட்டி என்று நினைப்பார்கள். வாண்டாவோ டெக்சாஸ்காரி. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆர்விட் கோட்டைக் கையில் எடுத்தபடி வெகுநேரம் கதவருகே நின்றார். அன்று மாலையே வீடு குளிர்ந்தது.

அதன்பின் அவரிடம் பேச அந்த வீட்டில் வானொலியைத் தவிர யாரும் இல்லை. அரிசோனாவில் இருக்கும் மகன், குழாய்த் தண்ணீர் உறைந்தால் இந்தத் தடவை வந்து அழைத்துப்போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான். அரிசோனாவில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே போனால் எதிர்வீட்டுச் சமையலறை விளக்கு தெரியாது. அந்த விளக்கு அணைந்த பிறகுதான் ஆர்விட் தினமும் படுக்கப் போனார்.

பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று ஆர்விட் கேட்டார். டுவேன் கருவிகளைப் பையில் போட்டான்.

“புதுசு வாங்குனாலும் அங்கதான் போகும், ஆர்விட். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் இங்கயே உக்காந்திருக்கீங்க.”

அந்த வாரமே பாதரசம் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இறங்கியது. சமையலறைக் குழாய் இருமிவிட்டு நின்றது. ஆர்விட் தொலைபேசியை எடுத்தார், மகனின் எண்ணை அழுத்தாமலே வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டுவது அவருக்கு வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒண்ணுமில்ல... என் வீட்டுச் சூடு இங்க ஒழுங்கா வருதான்னு பாத்துட்டுப் போலாம்னு.”

வாண்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணு வருஷமா ஒழுங்கா வருது. நீங்கதான் வரல.”

காபி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினாள். ஆர்விட் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

ஊர் ஒரு குளிர்காலம் முழுக்க அதைப் பேசிச் சலித்தது. ஆர்விட் தன் வீட்டுக் குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டார். அங்கே இப்போது ஃபர்னஸ் மட்டும் குடியிருக்கிறது. பனிக்காலம் தொடங்குமுன் டுவேன் வந்து அதன் வடிகட்டியை மாற்றிவிட்டு, தெருவைக் கடந்து வாண்டா வீட்டுத் திறப்பில் கை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.