பின் சீட்டுப் பிள்ளைகள்

ஏற்காட்டு ஏரிச் சாலையில் ஒன்பது வருஷமாக மிளகும் ஏலக்காயும் காபித்தூளும் விற்கிறாள் தஸ்லீமா. அதனால் குழுவாகச் சுற்றுலா வருகிறவர்களைப் பற்றி அவளுக்குத் திடமான அபிப்பிராயம் இருந்தது. வேன் வந்து நிற்கும். கைடு "பதினஞ்சு நிமிஷம்" என்பார். தாய்மார்கள் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஏலக்காயைப் பொறுக்குவார்கள். பிள்ளை எதையாவது வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிடும்.

அதனால்தான் அவள் கணவன் ரியாஸ் காலாண்டு லீவில் டெல்லி, ஆக்ரா என்று எட்டு நாள் டூர் போகலாம் என்றபோது அவள் உடனே தலையாட்டவில்லை.

"இந்தி தெரியாத ஊர்ல எட்டு வயசுப் புள்ளையக் கூட்டிட்டு நாம தனியா அலைய முடியுமா? அவங்க சோறு, ரூம் எல்லாத்தையும் பாத்துக்குவாங்க" என்றான் ரியாஸ்.

"சோறு போடுவாங்க. நம்ம யாஸ்மின் எங்கயாச்சும் நின்னா, கூட நிப்பாங்களாங்க?"

கடைசியில் ரியாஸ்தான் ஒரு வழி சொன்னான். அதே டூர்காரர்கள் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கே ஒருநாள் வேன் விடுகிறார்கள். அதில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது. சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு எடுப்பதைக் கேட்டு ரியாஸின் தம்பி ஆரிப் சிரித்தான். சிரித்தாலும் அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டான்.

ஏரி முனையில் வேனில் ஏறினார்கள். நான்கு குடும்பங்கள், ஐந்து பிள்ளைகள். கைடு வனிதாவுக்கு முப்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசினாள். தஸ்லீமாவுக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. யாஸ்மினை மடியருகே இருத்திக்கொள்ள நினைத்தாள். அதற்குள் பின் சீட்டிலிருந்து பவித்ரா என்ற சிறுமி கை காட்ட, யாஸ்மின் எழுந்து போய்விட்டாள்.

வேன் குப்பனூர் ரோட்டில் இறங்கியது. எத்தனையோ முறை போன வழிதான். ஆனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மூட்டை எண்ணிக்கை, மருந்துச் சீட்டு, இறங்க வேண்டிய இடம் என்று ஏதாவது மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு எதையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி தலைக்கு மேல் ஏறியிருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேன் நின்றது. இருபது நிமிஷம். முடிந்ததும் வனிதா விசில் ஊதினாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். யாஸ்மினைக் காணவில்லை.

தஸ்லீமாதான் தேடிப் பிடித்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு காபிச் செடிக்கு அடியில் குந்தியிருந்தாள் யாஸ்மின். "பூச்சி பாக்கிறியா கண்ணு? வா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றதும் யாஸ்மின் உதட்டில் விரலை வைத்து, மாட்டேன் என்று தலையசைத்தாள். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

வேன் ஜன்னலிலிருந்து ஒருவர், "சின்னப் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா இப்படித்தானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தஸ்லீமாவுக்கு முகம் சுட்டது. நேராக வனிதாவிடம் போனாள். "நீங்க கெளம்புங்க. எம்புள்ள பாத்து முடிக்கட்டும். நாங்க பஸ்ல வந்துக்கறோம்."

"இன்னொரு அஞ்சு நிமிஷம் நிப்பாட்டறனுங்க" என்றாள் வனிதா.

"வேண்டாமுங்க." இறங்கப் போன ரியாஸையும் தடுத்தாள். "நீங்க கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க. ஒருத்தராச்சும் பாத்தாத்தான தெரியும்."

வேன் கிளம்பிய சத்தம் கேட்டதும் யாஸ்மின் செடிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள். கேட் வரைக்கும் ஓடினாள். வேன் வளைவில் மறைந்ததும் அங்கேயே நின்று அழத் தொடங்கினாள்.

தஸ்லீமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உனக்காகத்தான கண்ணு எறங்குனேன். பூச்சி பாத்துட்டு இருந்தியே."

"பூச்சி இல்லம்மா. ஒளிஞ்சிருந்தேன். பவித்ரா வந்து கண்டுபுடிக்கணும். நீ கண்டுபுடிச்சா ஆட்டத்துல சேராது."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். அழுகை ஓய்ந்ததும் யாஸ்மின் பேசத் தொடங்கினாள். பின் சீட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒருத்தர் ராஜாவாம். ராஜா சொல்கிற பக்கம் எல்லோரும் சாய வேண்டுமாம். குட்டிப் பையன் ஒருவன் இரண்டு முறை ராஜா ஆனதில் சண்டை வந்ததாம். மகள் இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசித் தஸ்லீமா கேட்டதில்லை.

போன வருஷம் ஊட்டிக்கு மூன்று பேரும் தனியாகக் காரில் போனது நினைவுக்கு வந்தது. நினைத்த இடத்தில் நிறுத்தினார்கள், நினைத்த நேரம் நின்றார்கள். யாஸ்மின் பாதி வழி தூங்கினாள், மீதி வழி எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டாள். ஊர் சுற்றுவது பிடிக்காத பிள்ளை என்று அவளும் ரியாஸும் முடிவு கட்டியிருந்தார்கள். பள்ளி விட்டால் கடைக்குள் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கடைக்கு வருகிற பிள்ளைகள் பதினைந்து நிமிஷத்தில் போய்விடுகிறார்கள்.

மகளுக்காகத்தான் இறங்கினோமா என்றும் யோசித்தாள். பாதிதான். மீதிப் பாதி அந்த மனுஷர் பேச்சுக்கு வந்த கோபம்.

சாயங்காலம் ரியாஸ் அலுத்துப்போய் வந்தான். "நீ சொன்னதுதான் சரி. ஒரே ஓட்டம். கோயில்ல கால் வெக்கறதுக்குள்ள கூப்புட்டுட்டாங்க. பகோடா பாயிண்ட்ல பனி வெலகல, அதுக்கும் நிக்கல. டெல்லி வேண்டாம்."

"பவித்ரா?" என்றாள் தஸ்லீமா.

"அந்தப் புள்ளையா? ஒவ்வொரு எடத்துலயும் யாஸ்மின் எங்கன்னு என்னையத்தான் கேட்டுச்சு."

தஸ்லீமா வனிதாவுக்குப் போன் செய்தாள். காலையில் கோபப்பட்டதற்கு முதலில் வருத்தம் சொன்னாள். பிறகு கேட்டாள்: "டெல்லி டூர்ல எத்தன புள்ளைங்க வர்றாங்க?"

வனிதா சிரித்தாள். ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கேட்பார்கள், இதை யாரும் கேட்டதில்லை என்றாள். பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரு கைக்கொழந்தை மட்டுந்தானுங்க. மத்தவங்க எல்லாம் ரிட்டயர்டு ஆனவங்க. உங்க பொண்ணுக்கு நொம்பச் சலிப்பா இருக்கும். அரையாண்டு லீவுல மைசூருக்கு மூணு நாள் போறோம். அதுல இப்பவே ஆறு புள்ளைங்க" என்றாள். பவித்ராவின் அம்மாவுடைய நம்பரைக் கேட்டதற்கு, அவர்களைக் கேட்காமல் தரமுடியாது, உங்கள் நம்பரை அவர்களிடம் கொடுக்கிறேன் என்றாள்.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பவித்ராவின் அம்மா சரஸ்வதி, சேலம் அம்மாபேட்டையிலிருந்து. அவளுக்கும் அதே யோசனைதான். "ஏனுங்க, புள்ளைங்களோட இப்படிக் கூட்டமாப் போறது சரிப்பட்டு வருங்களா?"

தஸ்லீமா ஒளிக்காமல் சொன்னாள். "எடத்தப் பாக்கணும்னா தனியாப் போறதுதானுங்க நல்லது. நின்னு பாக்க விடமாட்டாங்க, அது நெசம். ஆனா எம்பொண்ணு நேத்து ராத்திரி உங்க பொண்ணப் பத்திப் பேசிப் பேசித்தான் தூங்குனா. நாங்க மைசூருக்கு வர்றமுங்க. நீங்க?"

அந்தப் பக்கம் சரஸ்வதி கணவனைக் கூப்பிட்டு ஏதோ கேட்பது காதில் விழுந்தது. மூட்டை மேலிருந்து இறங்கி வந்த யாஸ்மின், போனுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றாள்.