அக்காவுக்கு ஒரு இருக்கை

துமேஸ்வேனி மச்சான் பெண்ணுக்குப் பரிசமாக எங்கள் வீட்டுக்கு இன்னும் தரவேண்டியது எட்டு மாடு. பணமாக என்றால், கெதிவே அக்காவைப் பேசி முடித்த வருடத்து விலைப்படி, பன்னிரண்டாயிரம் ராண்ட். பேசின பதினொன்றில் மூன்று மாடு மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். அதற்குள் நோக்வாஸி பிறந்துவிட்டாள். அந்தக் குழந்தை நடக்கப் பழகுமுன்னே அக்கா நெஞ்சுச் சளியில் விழுந்து, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, எங்கள் பாயிலேயே போய்ச்சேர்ந்தாள். மாடு முழுதும் வராததால் அவள் யாருக்கும் மனைவி இல்லை. தொழுவத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டுப் பெண்ணாகவே புதைத்தோம். குழந்தைக்கும் எங்கள் குலப்பெயர்தான். அதன்பிறகு அந்த எட்டு மாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் ஆளுக்குக் கொஞ்சம் மூக்குப்பொடி மாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான்.

அந்த நோக்வாஸியைத்தான் ராஜா கட்டப்போகிறார் என்று வானொலியில் சொன்னார்கள்.

நான் அப்போது வயலில் இருந்தேன். முந்தின நாள் நெருப்பு வைத்த கரும்பு. சோகையெல்லாம் எரிந்து தடி மட்டும் கறுப்பாக நிற்கும். அதை வெட்டி வெட்டி எங்கள் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிடும். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஸோலானியின் சட்டைப்பையில் போன் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டை நிறுத்திச் செய்தி சொன்னார்கள். அப்புறம் ஊர் முழுக்க வானொலிக்குப் பேச ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற பொண்ணாமே! ராஜ வம்சத்துல பொண்ணுக்கா பஞ்சம்?" என்றது ஒரு குரல்.

"எடுத்த ரத்தத்துல ஒரு சொட்டு மருந்துல கலந்து வெச்சிருப்பா. இல்லாட்டி வெளிநாட்டுல படிச்ச மனுஷன் இவகிட்ட விழுவாரா?" என்றாள் ஒரு பெண். பேட்டி எடுத்தவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

இன்னொருவர் அழுதேவிட்டார். "தகரக் கூரையில பொறந்தவ ராணி ஆகுறா. இனிமே எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்."

ஸோலானி அரிவாளைத் தரையில் குத்திவிட்டு என்னைப் பார்த்தான். "பெகி அண்ணே, உங்க மச்சான் இன்னும் உங்களுக்கு மாடு பாக்கிதானே? அப்போ அந்தப் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. ராஜா மாடெல்லாம் உங்க வாசலுக்குத்தான் வரும்!"

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. அன்று வீடு திரும்பியதும் காலித் தொழுவத்தின் முன்னால் நின்று, எந்தக் கம்பத்தில் எதைக் கட்டலாம் என்று யோசித்தேன். என் மனைவி மகுமேடே கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாடு வர்றதுக்கு முன்னாடியே சாணி அள்ற மாதிரி நிக்கிறீங்களே," என்றாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் கூரை மாற்றுகிற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தச் சட்டைகள் வந்தன.

முதலில் ஸோலானி போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைப் பனியன், நெஞ்சு நிறைய நோக்வாஸியின் முகம், கீழே 'எங்கள் மகள்' என்று எழுத்து. தாயை உரித்து வைத்தவள் என்பது எனக்குத் தெரிந்ததுதான், அதனால் முதல் பார்வையில் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கீழுதட்டுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு.

நோக்வாஸிக்குத் தழும்பு கிடையாது. அது அக்காவுடையது. சின்ன வயதில் தப்பி ஓடின ஆட்டைப் பிடிக்கப் போய் முள்கம்பியில் விழுந்த தழும்பு. அக்காவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டை அவளோடு மண்ணுக்குள் போயிற்று.

"என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?" என்றான் ஸோலானி. "நல்லாயில்லையா?"

"அச்சு சரியில்ல."

"எல்லாச் சட்டையிலயும் இப்படித்தான் இருக்கு. இதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குறாங்க."

அந்த வாரம் நான் எங்கே போனாலும் அக்கா இருந்தாள். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனின் முதுகில். மருந்து வாங்கப் போன இடத்தில், பெஞ்சு முழுக்க. வயல் விளிம்பில் நெருப்பு வைக்கிற ஆட்களின் நெஞ்சில், கரும்புச் சாம்பல் கறுப்பாகப் பறந்து வந்து அவள் கன்னத்தில் உட்காரும். யார் தட்டிவிடுவது என்று தெரியாமல் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். வெட்டிய கரும்பைக் கட்டுகிற மங்குபானே என்ற பெண் ஒருநாள் தன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்: "கண்ணாடி முன்னாடி நின்னா இவ என்னைப் பாக்கமாட்டேங்குறா. வேற யாரையோ தேடுறா." பிறகு நான் அவளைத் தாண்டி நடந்தேன். அவள் பார்வை தன் நெஞ்சுக்கும் என் முகத்துக்குமாக ஒருமுறை போய் வந்தது.

மகுமேடேயும் ஒன்று வாங்கி வந்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது அக்கா இல்லை, முகம்கூடத் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட அன்று, கொடியிலிருந்து அதை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப் போட்டாள்.

"ஏன்?"

"தொழுவத்துப் பக்கமே பாத்துக்கிட்டு தொங்குதுங்க. ரெண்டு தடவை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். காத்து இல்ல, ஒண்ணும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பக்கம்தானே உங்க அக்கா படுத்திருக்கிறது?"

அரண்மனையிலிருந்து ஒருவன் காரில் வந்தான். கோட்டு போட்ட பையன், நல்லவன்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தான். "ஐயா, ராஜா வீட்டு ஆளுங்க விடியக்காலம் வந்து ஒரு வாசல்ல நின்னு குலப்பெயர் சொல்லிக் கூப்பிடணும். உங்க வாசலா, பொண்ணோட அப்பா வாசலா? அதை மட்டும் சொல்லிடுங்க. அந்த எட்டு மாடுதான் இடைஞ்சல்னா, அதை அரண்மனையே..." சொல்லும்போதே அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மாடு கொடுத்தவன்தான் புருஷன். ராஜாவின் மாட்டை அக்காவுக்காக வாங்கினால் மண்ணுக்குள் இருக்கிற அக்கா ராஜாவின் மனைவி ஆகிவிடுவாள். அப்புறம் அவள் மகளை அவர் எப்படிக் கட்டுவது? மகுமேடே சிரிக்க ஆரம்பித்தாள், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பையன் காரில் ஏறும்வரை தலை நிமிரவில்லை.

அதோடு ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. கடையில் ஒருவன், "விட்டுடாதீங்க மாமனாரே," என்று தோளில் தட்டினான். நேற்றுவரை என் பெயர்கூடத் தெரியாதவன். இன்னொருவன், "இந்த ஆளு எட்டு மாட்டுக்காக ராஜா கல்யாணத்தையே நிறுத்தி வெச்சிருக்கான்," என்று என் காதில் விழும்படி சொன்னான். இரண்டு பேரும் ஒரே சட்டை போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் வெளியே யாரோ எங்கள் குலப்பெயரைக் கூவிக் கூப்பிட்டார்கள். ராஜா வீட்டு ஆட்கள் என்று நினைத்து எழுந்தேன். வாசலில் துமேஸ்வேனி மச்சான் நின்றுகொண்டிருந்தார். இரவல் கோட்டு, கையில் தடி. பக்கத்தில் அவர் தம்பி. புதிதாகப் பெண் கேட்டு வருகிறவன் மாதிரி, எங்கள் முன்னோர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இடையிடையே இருமி இருமி மூச்சு வாங்கினார்.

மகுமேடே முறைப்படி அவரைக் காக்க வைத்தாள். "யாருங்க நீங்க? எங்களுக்குத் தெரியலையே. எங்க வீட்டுல உங்களுக்கு என்ன வேணும்?"

"அழகான பூ ஒண்ணு இங்க இருக்கிறதாக் கேள்விப்பட்டோம்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் தொழுவத்துக்குப் பின்னால் போயிற்று.

சாட்சிக்கு ஸோலானியைக் கூப்பிட்டுக்கொண்டேன். கோரைப்பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மச்சான் ஒரு துணிப் பையை அவிழ்த்து நோட்டுகளைப் பாயில் வைத்தார். எல்லாம் கசங்கின சின்ன நோட்டு. அச்சு மையின் வாடை அடித்தது.

"பன்னெண்டாயிரம்."

"எங்கேர்ந்து மச்சான்?"

"சட்டை வித்தேன் பெகி. பஸ் நிலையத்துல. மக முகத்தைப் போட்டு."

"அந்தத் தழும்பு?"

அவர் போனை எடுத்து நீட்டினார். படத்தில் நோக்வாஸி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வழவழவென்று. "நான் குடுத்தது இதைத்தான். அச்சடிக்கிறவன் அழிச்சு அழிச்சுப் பாத்துட்டான். திரும்பத் திரும்ப வருதுங்கறான், தலையில அடிச்சு சத்தியம் பண்றான். எனக்கு அவன் சொல்லவே வேண்டாம், நான் அவகூட இருந்தவன்தானே." அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "மத்தவங்க அடிச்ச சட்டை அடுக்கி வெச்சபடி கெடக்கு. என்னுதுதான் பறக்குது. இந்த இருமலோட நான் காவல்காரன் வேலைக்குப் போய் எந்தக் காலத்துல எட்டு மாடு சேக்கறது? அவளே சேத்துட்டா."

ஸோலானி என் காதருகே குனிந்தான். "அண்ணே, அது பழைய விலை. இன்னைக்கு விலையைக் கேளுங்க. அவரால முடியாது. ராஜா மாடு உங்களுக்குத்தான்."

திரும்பிப் பார்த்தேன். அவன் குனிந்திருந்ததால் அவன் நெஞ்சு என் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் மூச்சு விடவிட, சட்டையில் அக்காவின் உதடு லேசாக விரிந்து மூடியது, சொல்ல வந்ததை விழுங்குகிற மாதிரி. ஆட்டைப் பிடிக்கப் போன அன்று, ரத்தம் ஒழுக வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் நின்றாளே, அதே நிற்பு.

நோட்டுகளை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சரியாப் போச்சு மச்சான். இனி அக்காவும் பொண்ணும் உங்க வீடு," என்றேன். மச்சான் பாயிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்காவை அழைத்துப் போனேன். இலந்தைக் கொப்பு ஒன்றை வெட்டி, அவள் படுத்திருக்கிற இடத்தில் வைத்து, "அக்கா, நான் பெகி. உன் வீட்டுக்குப் போறோம், எந்திரி," என்றேன். போனவர்களை வீடு மாற்றுவது அந்தக் கொப்பில் ஏற்றித்தான்; அதை எடுத்தபின் அவளைத் தவிர யாரிடமும் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது.

சாலையில் வேன் வந்தது. தலைநகரத்துக்குப் போகிற கூட்டம், எல்லோரும் அந்தச் சட்டையில், வானொலியில் கல்யாணப் பாட்டு. நான் இரண்டு பேருக்கான காசை நீட்டினேன். டிரைவர் காசைப் பார்த்தான், கொப்பைப் பார்த்தான், பாட்டை அணைத்தான். ஜன்னலோர இருக்கையில் கொப்பைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் ஏறின ஒரு குண்டுப் பெண்மணி காலி இடம் என்று அங்கே வந்தாள்; கொப்பைப் பார்த்ததும் தன் மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டாள். பாலம் வந்தபோது, "அக்கா, ஆத்தைத் தாண்டுறோம்," என்றேன். அத்தனை நெஞ்சிலிருந்தும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சாலையை மட்டும் பார்த்தேன்.

மச்சான் வீட்டுத் தடத்தில் வேன் நின்றது. "அக்கா, எறங்கு. வந்துட்டோம்." கொப்பு ஏறும்போது இருந்த எடை இறங்கும்போது இல்லை. முள் என் கையில் குத்தவும் இல்லை. தூரத்தில் மச்சான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சாணி மெழுகின வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் கலயத்தில் சோளக் கள்.

வேன் என்னைக் கடந்து முன்னால் போனது. உள்ளே எல்லோரும் பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராக அவர்கள் சட்டைகளின்மேல் விழுந்தது. ஒவ்வொரு சட்டையிலும் நோக்வாஸி சிரித்துக்கொண்டிருந்தாள், கீழுதட்டுக்குக் கீழே வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.