மீதி இரண்டு வாரம்

பழக்கூடைக்காரர் மூன்றாவது முறை வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. அதை நிறுத்தச் சொன்னதே அவருடைய கம்பெனிதான். மூன்று மாடி ஏறி வந்து, கதவைத் தட்டிவிட்டு, பேச முடியாமல் நின்றார்.

"மொதல்ல தண்ணி குடிங்க," என்றாள் அக்கா. "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி எங்க மேல வரும்."

குடித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. முதல் முறை அக்காவின் தையல் கடைக்கு ஆப்பிளும் திராட்சையும் அடுக்கிய கூடையோடு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பழக்கூடைக்காரர்.

அவர் கேட்டது இந்த ஹோட்டல் அறையை. எங்களுக்குச் சொந்தமானது அறைகூட இல்லை. அறையின் ஒரு வாரம். டைம்ஷேர் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓர் அறையை ஐம்பத்திரண்டு வாரமாகக் கூறு போட்டு ஐம்பத்திரண்டு பேருக்கு விற்பார்கள். வருடா வருடம் அந்த ஒரு வாரம் நம்முடையது. ஒப்பந்தம் இருபத்தைந்து வருடம். அதற்குப் பிறகு அறை கம்பெனிக்கே போய்விடும். நம் கையில் ஒன்றும் இருக்காது.

இதை வாங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே துணி ஆலையில் இருந்தோம். போனஸ் வந்த அன்று ஆலை வாசலில் ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் கடல் படம். அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆளுக்குப் பாதி போட்டோம்.

"நிலம் வாங்கினவங்க உண்டு. நகை வாங்கினவங்க உண்டு. வாரத்தை வாங்கினவங்களை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் அத்தான். சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார்.

அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டாள். யாரையும் கூட்டி வரக்கூடாது. வீட்டுப் பேச்சு பேசக்கூடாது. இரண்டையும் சேர்த்து அவள் ஒன்று என்றே எண்ணினாள்.

இங்கே வந்து பெரிதாக எதுவும் செய்வதில்லை. முதல் இரண்டு நாள் தூங்குவோம். மூன்றாம் நாள் அக்கா பேச ஆரம்பிப்பாள். ரொட்டி, முட்டை, டீ. பசித்தால் சாப்பிடுவோம். எனக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் அங்கே கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட அக்கா மட்டும்தான். அவளுக்கும் சோம்பல்.

போன வருடம் கடை வாடகை ஏறியது. விற்றால் என்ன வரும் என்று கேட்க ஒரு புரோக்கரிடம் போனோம். அவர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். தேதியைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

"இன்னும் ரெண்டே தடவை. இதை யார் வாங்குவா? முடியப்போற பஸ் பாஸ் மாதிரி."

"சும்மா குடுத்தா?" என்றேன்.

"சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. வருஷச் சந்தா கட்டணுமே. பதினஞ்சு வருஷம் இருக்கறப்ப வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். "பதினஞ்சு வருஷம் இருக்கறப்ப நமக்கென்ன பைத்தியமா விக்கறதுக்கு?"

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பழக்கூடை வந்தது. கம்பெனி கட்டிடத்தை இடித்து உயரமாகக் கட்டப்போகிறது. மற்ற எல்லாருடைய வாரங்களையும் வாங்கி முடித்துவிட்டார்கள். எங்களுடையது மட்டும் பாக்கி. ஒப்பந்தத்தில் அறை எண் எழுதியிருந்தது. தேதி முடியும்வரை அந்த அறை நிற்க வேண்டும். அறை நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கீழே இரண்டு மாடியும் நிற்க வேண்டும்.

முதலில் வேறு ஊரில் வேறு ஹோட்டல் தருவதாகச் சொன்னார். அக்கா முடியாது என்றாள். இரண்டாம் முறை ஒரு தொகை சொன்னார். அதற்கும் முடியாது என்றாள். புரோக்கர் சும்மாகூட வேண்டாம் என்ற பொருள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை வந்து இறங்கியபோது நீச்சல் குளம் வற்றிக் கிடந்தது. அடியில் காய்ந்த இலைகள். பக்கத்துக் கட்டிடத்தின் பாதியை இடித்துவிட்டார்கள். மீதிப் பாதியில் யாரோ தங்கியிருந்த அறை திறந்து கிடந்தது. நீலச் சுவர், துணி மாட்டும் கொக்கி. வரவேற்பு மேஜையில் காவலாளி மட்டும் இருந்தார். அவரே சாவியைக் கொடுத்தார். படுக்கை விரிப்பும் அவரே கொண்டுவந்தார்.

"நீங்க வருவீங்கன்னு மேனேஜர் நம்பல," என்றார்.

"எங்க வாரம்," என்றாள் அக்கா.

இப்போது பழக்கூடைக்காரர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"மேடம், இது கடைசி ஆஃபர்."

"போன தடவையும் கடைசின்னுதான் சொன்னீங்க."

"அது முந்தின கடைசி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். நான் எண்ணைப் பார்த்துவிட்டேன். அதில் பாதி என்றாலும் ஒரு வேன் வரும். பழையதுதான். ஆனால் சொந்த வேன்.

என் வீட்டுக்காரர் வாடகை வேனில் பார்சல் கொண்டுபோய்ப் போடுகிறார். மாலையில் வந்து கணக்குப் பார்ப்பார். பாதி வேன்காரனுக்குப் போகும். கிளம்புவதற்கு முன் அவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். "உன் இஷ்டம்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் உன் இஷ்டம் என்றால் தன் இஷ்டம் என்று அர்த்தம்.

"யோசிச்சுப் பாருங்க," என்றார் பழக்கூடைக்காரர். "இது ஐஸ்கட்டி மாதிரி. கையில வெச்சுக்கிட்டே இருந்தா கரைஞ்சு போயிடும். அடுத்த வருஷம் இதே நேரம் கையைத் தொடைச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப நீங்க ஏன் மாடி ஏறி வர்றீங்க?" என்றாள் அக்கா. "கரையட்டும்னு கீழயே உக்காந்திருக்கலாமே."

"பில்டர் காத்திருக்க மாட்டார் மேடம். ஒவ்வொரு மாசமும் வட்டி."

"அது உங்க ஐஸ்கட்டி."

அவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது.

"உங்க வீட்டுக்காரர் பேசினார் மேடம். வேன் விஷயம் சொன்னார். நல்ல மனுஷன். அவருக்காகத்தான் மேலிடத்துல பேசி இந்த அளவுக்கு ஏத்திக் கொண்டுவந்தேன்."

எனக்கு முகம் சுட்டது.

"என்ன வேன்?" என்றாள் அக்கா.

பழக்கூடைக்காரரே சொன்னார். விற்கிற ஆள் வெள்ளிக்கிழமைவரைதான் காத்திருப்பான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் எனக்கே சொல்லாத விஷயம் அது.

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இயந்திரம் சுவரை முட்டியது. கண்ணாடி அதிர்ந்தது.

"பேனாவைக் குடுங்க," என்றாள்.

"அக்கா."

"சும்மா இருடி."

அக்கா மெதுவாகத்தான் கையெழுத்துப் போடுவாள். ஒவ்வோர் எழுத்தாக. போட்டுவிட்டுக் காகிதத்தை என்னிடம் தள்ளினாள். பேனாவை அதன் மேல் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. துணியை வெட்டிய பிறகு அளவு தப்பு என்று தெரிந்தால் அவள் முகம் இப்படித்தான் ஆகும்.

"நீங்களும் கீழ போட்டுட்டா முடிஞ்சது மேடம்," என்றார் பழக்கூடைக்காரர்.

நான் பேனாவை எடுக்கவில்லை.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? வேன் வேணும்ல? ரெண்டு வாரத்தை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போறோம்? தூங்கத்தானே போறோம். அதை வீட்டுல தூங்கலாம்."

"வீட்டுல எப்ப தூங்கினே நீ?"

அக்கா தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"ஒரு தடவை சொல்லு. உன் மருமக பாத்திரம் போடற சத்தத்துக்கு முன்னாடி எந்திரிக்காம இருந்த நாள் ஒண்ணு சொல்லு."

"வீட்டுப் பேச்சு பேசாதே."

"நீதானே ஆரம்பிச்சே. வேனு, புருஷன்னு."

"வேன் வேண்டாமா உனக்கு?"

"வேணும். யார் வேண்டாம்னா? வேனும் வேணும், இதுவும் வேணும். எனக்காக நீ விட்டுக்குடுத்துட்டுப் போனா அந்த வேன்ல நான் எப்படி ஏறுவேன்? ஒவ்வொரு தடவையும் உன் மடியில உக்காந்த மாதிரி இருக்கும்."

"அதுல என்ன? சின்னப் பிள்ளையில உக்காந்தவதானே."

"இப்ப என் எடை என்ன தெரியுமா?"

பழக்கூடைக்காரர் இருமினார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அடுத்த வருஷம் இதோட மதிப்பு என்ன?"

"அடுத்த வருஷமா? ஒரே ஒரு வாரம் இருக்கும் மேடம். அதுவும் முடிஞ்சா ஜீரோ."

"ஆகட்டும்."

"புரியல."

"ஜீரோ ஆகட்டும். அது வரைக்கும் எங்களுது. மிச்சம் வெக்காம அனுபவிச்சுட்டு, சாவியைக் கொண்டாந்து உங்க கையிலயே குடுக்கறோம். அதுக்கப்புறம் இடிங்க, கட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க."

"நஷ்டம் உங்களுக்குத்தான் மேடம்."

"எங்க நஷ்டம். எங்களுக்குச் சொந்தம்."

காகிதத்தை எடுத்தேன். அக்காவின் கையெழுத்து இருந்த இடத்தைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மீதியை மடித்து அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. மாடி இறங்க வேண்டுமே என்கிற களைப்புதான் இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் கீழ கார்லதான் இருப்பேன். மனசு மாறினா கூப்பிடுங்க."

"மாறினா லிஃப்ட்ல வர்றோம்," என்றாள் அக்கா. "போட்டு விடச் சொல்லுங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியக்காரி," என்றாள்.

"ஆமா."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"இப்பவே கேட்டுடறேன்."

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பின்னால் வண்டிச் சத்தம். எங்கேயோ ஓரமாக நிறுத்தியிருந்தார்.

"நீங்க அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"விலை விசாரிச்சேன். விசாரிக்கக்கூட கூடாதா?"

"சொத்துக்காரங்களைக் கேக்காமலா?"

"கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"இல்ல."

"வேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

"குடுக்கட்டும். நாம வேற வேன் பாக்கலாம். சீட்டு எடுக்கலாம், கடன் கேக்கலாம், என் வளையல் இருக்கு. இதை மட்டும் கேக்காதீங்க."

"ஒரு வாரம் தூங்கறதுக்கு ஒரு வேனாடி?"

"ரெண்டு வாரம். அடுத்த வருஷத்தையும் சேத்துக்கோங்க."

வைத்துவிட்டார். கோபம்தான். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் டீ போட்டுக்கொண்டு பின்னாலேயே போயிருப்பேன். கோபம் அங்கே இருந்தது, நான் இங்கே இருந்தேன்.

"என்ன சொன்னார்?"

"உன் இஷ்டம்னு சொல்லல."

அக்கா சத்தமாகச் சிரித்தாள்.

இயந்திரம் மறுபடியும் முட்டியது. தூசி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து படுக்கையில் படிந்தது. விரிப்பை மாற்ற ஆள் கிடையாது. நானே உருவிக் குளியலறையில் அலசினேன். பிழிந்து பால்கனிக்குக் கொண்டுபோய்க் கம்பியின் மேல் போட்டேன். பெரிய வெள்ளை விரிப்பு. மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிவரை தொங்கியது.

கீழே கார் நின்றது. பழக்கூடைக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி மேலே பார்த்தார்.

"அடியே, வெள்ளையைத் தொங்கவிடாதே," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "சமாதானம்னு நெனச்சு பேனாவோட ஏறி வந்துடப்போறான்."

விரிப்பைச் சுருட்டி உள்ளே எடுத்தேன். அக்காவின் பையைத் திறந்தேன். மேலாகவே சிவப்புப் பாவாடை இருந்தது.

"அது துவைக்காததுடி."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

கொண்டுபோய்க் கம்பியில் மாட்டி கிளிப் போட்டேன். காற்றில் நன்றாக விரிந்து அடித்துக்கொண்டது. இடிக்கிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கூடைக்காரர் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கிளிப்பும் போட்டேன்.