அண்ணனின் எதிர்க்கட்சி

அண்ணனும் தங்கையும் ஒரு சொல்லுக்காகக் கீரியும் பாம்புமாக இருந்தார்கள் என்றால் யாரும் சிரிப்பார்கள். சொத்துத் தகராறு என்றாலாவது ஊர் நம்பும். இது பின்லாந்துப் பக்கத்து மொழிகளுக்கெல்லாம் தாயான பழம்பின்னிய மொழியில் தீவைக் குறித்த ஒரு சொல். அந்த மொழியில் எழுதிவைத்த வரி ஒன்றுகூட மிச்சமில்லை. பிள்ளைகளின் சாடையை வைத்துத் தகப்பன் முகத்தை ஊகிப்பதுபோல, இன்றைய மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதை மீட்கவேண்டும். ஊகம் என்பதற்கு அடையாளமாகச் சொல்லின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள்.

அண்டை மொழியிலிருந்து கடன் வாங்கியது என்பார் அண்ணன். சொந்தச் சொல் என்பாள் தங்கை. வேற்றுமை உருபு சேரும்போது அதன் கடைசி உயிரெழுத்து மாறுகிறதே, அதை இருவருமே தம் பக்கச் சாட்சியாக இழுப்பார்கள். எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடாமல் எந்தச் சொல்லும் அச்சுக்குப் போகக்கூடாது என்பது அவர்களுடைய அகராதி அலுவலகத்தின் வழக்கம். "போடி கழுதை, நான் போடவே மாட்டேன்" என்று வருஷக்கணக்காக விரட்டினார் அண்ணன்.

பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. குளித்ததை மறந்தார், பெற்ற மகள் பெயரை மறந்தார். இந்தச் சண்டையை மட்டும் மறக்கவில்லை. அதனால் அவள் தினமும் போய் வம்புக்கிழுத்தாள். அவர் கத்தக் கத்த அவளுக்கு உயிர் வரும். அண்ணன் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அவளிடம் வேறு ஆதாரம் இல்லை.

இன்று அச்சுக்கு அனுப்பக் கடைசி நாள். தாளை நீட்டினாள். கிழித்துப் போடு சாமி என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். "சரியாத்தானே இருக்கு. சொந்தச் சொல்தான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவள் தாளை மறுபடி அவர் பக்கமே தள்ளினாள்.

"ஐயோ, இல்லண்ணா! கடைசி உயிரப் பாருண்ணா. சொந்தச் சொல்லு இப்படியா மாறும்? இது கடன்தான்!" அவருடைய வாதத்தையே, அவரைப்போலவே மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். "திட்டுண்ணா. ஒரு தடவ கழுதைன்னு சொல்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதையோடு அவளைப் பார்த்தார்.

"யாரும்மா உங்களுக்கு இப்படித் தப்பாச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அண்ணன்."

"பாவம், அழாதீங்க. அவர ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. நான் பேசிப் பாக்கறேன்."