கூரையில் காத்திருந்த முட்டைகள்

தாபோடிக் குளத்துப் பெண் தவளை இட்ட முட்டைகள், பொருந்தாத விந்து பட்டதும் தண்ணீரை விட்டு எழும்பி ஆய்வகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. முதல் தடவை புனேயின் சாங்வி ஆய்வகமே அண்ணாந்து பார்த்தது. மூன்றாம் தடவை அவரவர் டீ கோப்பையை மூடி வைத்ததோடு சரி.

ஆய்வாளர் வைஜயந்திக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. தாபோடிக் குளத்தைத் தூர்த்து அடுக்குமாடி எழுப்பியபோது அவளால் காப்பாற்ற முடிந்தது அந்த ஒரு தவளையைத்தான். விந்தணுவில் இருக்கும் ஒரு புரதம் முட்டையின் உறையோடு ஒட்டினால்தான் கரு உண்டாகும்; அந்தப் புரதத்தின் மரபணு குளத்துக்குக் குளம் சற்றே மாறும். அந்த மாற்றங்களைப் புனேயில் அவள் அளவுக்குத் தேடியவர் இல்லை. பாஷாண் ஏரி, காத்ரஜ் ஏரி என்று முழங்கால் சேற்றில் நின்று ஆண் தவளைகளைப் பிடித்து வந்தாள். மிக நெருங்கிய மரபணுவைக்கூட முட்டைகள் மதிக்கவில்லை. இந்த மழைக்காலம் வீணானால் தாபோடி வம்சம் முடிந்தது.

கணவன் ராம்பிரசாத் சாப்பாட்டு மேஜையில் சிரித்தான். "ஜாதகம் பொருந்தியும் பொண்ணு மாட்டேங்கறாளா? உன்னைவிடப் பிடிவாதக்காரி ஒருத்தி இருக்கா!"

"கிண்டல் பண்ணாதீங்க. அவ ஊர்க்காரன் ஒருத்தன்கூட மிச்சமில்ல."

"எங்க விமான் நகர் ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், கூட்டிட்டுப் போ. தோட்டத்துக்குப் புது மண்ணு கொட்டினாங்க. அதுக்குள்ளேர்ந்து மீட்டிங் பூரா கத்தறான்."

வைஜயந்தி கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். "எந்த ஊர் மண்ணு?"

"லாரிக்காரன் தாபோடின்னான். ஏன்?"

குளத்தை மூடுமுன் வண்டலை வழித்துத் தோட்டங்களுக்கு அனுப்புவது கட்டடக்காரர்களின் வழக்கம். மண்ணுக்குள் புதைந்து கோடையைத் தூங்கிக் கழிப்பது அந்தத் தவளைகளின் வழக்கம். இரண்டும் தெரிந்திருந்தும் சேர்த்துப் பார்க்காத தன்னை அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டாள். கொட்டும் மழையில், கண்ணாடிக்குப் பின்னால் அலுவலகமே வேடிக்கை பார்க்க, ரோஜாச் செடிகளுக்கு நடுவே வெறுங்கையால் தோண்டினாள். சேறு அப்பிய முகத்தோடு அவள் நிமிர்ந்தபோது கையில் அவன் இருந்தான். உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

மறுநாள் தொட்டியில் விட்டதும் அவன் ஒரே ஒரு முறை கத்தினான். கூரையில் இருந்த முட்டைகள், போன மாதத்தவை உட்பட, ஒவ்வொன்றாகக் கழன்று இறங்கத் தொடங்கின. இயக்குநர் விஸ்வேஸ்வரன் எட்டிப் பார்த்து, காற்றில் திசை மாறிவிடக் கூடாதே என்று மின்விசிறியை நிறுத்தினார். வைஜயந்தி தொட்டியைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள். முட்டைகள் எல்லாம் தண்ணீரில் விழுந்தன. ஒன்றுகூட மறுபடி மேலே போகவில்லை.

மற்றவர்கள் டீ கோப்பைகளின் மூடியை எடுத்தார்கள்.